கீழடிக் கரியும் ரெம்பியாவின் கறுப்புக் கண்ணாடியும்

மலாக்கா மாநிலத்தின் அலோர்காஜா மாவட்டத்திலுள்ள ரெம்பியா என்றால் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வருவது பால்மரக் காடு. விடியற்காலைப் பெரட்டு, தலையில் கட்டிய விளக்கு, மங்கு, வாளி, காண்டா. அடுத்த தலைமுறைக்கு அது செம்பனைக் காடு. இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் தொழிற்பேட்டை என்பார்கள்.

அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு தனித்த ஆலை எழுந்தது. அமெரிக்காவின் சன்பவர் நிறுவனம் மலேசியாவில் ஆலை அமைக்கப் போவதாக 2008இல் அறிவித்தது. தைவானின் ஏயூ ஒப்ட்ரோனிக்ஸ் நிறுவனம் பங்காளியாகச் சேர, 2010இல் ரெம்பியாவில் சூரிய மின்கல உற்பத்தி தொடங்கியது. 2016இல் தைவான் பங்கையும் சன்பவரே வாங்கியது. 2020இல் அந்தப் பிரிவு மேக்ஸியன் என்ற பெயரில் தனி நிறுவனமாகப் பிரிந்தது.

வெயிலை மின்சாரமாக்கும் தகட்டை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வழக்கமான தகட்டின் முகத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடும். மின்சாரத்தைத் திரட்டும் கம்பிகள் அவை. ஆனால் அந்தக் கோடுகள் விழுந்த இடத்தில் வெயில் படாது. ரெம்பியாவில் செய்யப்பட்ட மின்கலத்தில் கம்பிகள் அனைத்தும் பின்புறம். முகம் முழுவதும் ஒரே கறுப்பு. விழும் ஒளியில் மிகச் சிறு பகுதியையே அது திருப்பி அனுப்பும்.

அந்தக் கறுப்பு சிலிக்கன். தனிமங்களின் அட்டவணையில் சிலிக்கனுக்கு நேர் மேல் கட்டத்தில் அமர்ந்திருப்பது கார்பன், அதாவது கரி. ஒளியை வாங்குவதிலும் காற்றை மோப்பம் பிடிப்பதிலும் இந்தக் கரிக்கு இருக்கும் ஆற்றலை உலகம் கண்டுகொண்டது கடந்த 40 ஆண்டுகளுக்குள்தான். தமிழர் கை அதைத் தொட்டதோ அதற்கு 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு. தொட்டதற்கும் கண்டுகொண்டதற்கும் நடுவே கிடக்கும் தூரம்தான் இங்கே பேச வேண்டியது.

பானையின் உள்ளே பூசிய கறுப்பு

மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையோரம், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது கீழடி. தென்னந்தோப்பு நிறைந்த சிற்றூர். 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதைத் தொடர்ந்தது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் என்று பலவும் கிடைத்தன. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொன்னது. அந்தச் செய்தி மலேசியத் தமிழர் வீடுகளிலும் பேச்சாக இருந்தது பலருக்கு நினைவிருக்கும்.

அதற்கு அடுத்த ஆண்டு வந்த இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு, கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சைச் சுரண்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. உள்ளே இருந்தவை கார்பன் நானோ குழாய்கள்! சராசரி விட்டம் ஏறத்தாழ 0.6 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அந்தக் குழாயின் மெல்லிமையை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். 2020 நவம்பரில் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற ஆய்விதழில் இது வெளியானது. மனிதர் செய்த பொருளொன்றில் கண்டறியப்பட்ட கார்பன் நானோ குழாய்களில் இவையே மிகப் பழையவை என்று அக்குழு எழுதியது.

கறுப்பு சிவப்புப் பானை எப்படிச் சுடப்பட்டது? பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளை போடுவார்கள். வெளிப்புறத்துக்குக் காற்று கிடைக்கும். அங்கே மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். உட்புறத்தில் காற்று புகாது. இலையும் தழையும் அங்கே எரியாமல் கருகும். அந்தக் கரி பானையின் சுவரில் ஏறி நிலைத்துவிடும். கீழடிப் பூச்சில் ஏதோ ஒரு தாவரச் சாறு சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். எதுவானாலும், வைகைக் கரை ஈரத்தில் 2,000 ஆண்டுக்கு மேல் புதைந்து கிடந்தும் அந்தப் பூச்சு உதிரவில்லை.

பாயைச் சுருட்டுவது போல

நானோ குழாய் என்பது என்ன? கார்பன் அணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்து, தேன்கூட்டு அறைகள் போல ஒரே தளத்தில் பரவினால் அது ஒரு தாள். கிராஃபீன் என்று பெயர். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், இந்தத் தாள்களை அடுக்கிய கட்டு. ஒரு தாளை மட்டும் எடுத்துப் பாய் போலச் சுருட்டினால் நானோ குழாய். பந்து போல மூடினால் ஃபுல்லரீன்.

பாயை நேராகவும் சுருட்டலாம், கோணலாகவும் சுருட்டலாம். வீட்டில் அதனால் பெரிய மாற்றம் இல்லை. கார்பனில் அதனால் எல்லாமே மாறும். ஒரு விதமாகச் சுருண்டால் அது செம்புக் கம்பியைப் போல மின்சாரத்தைக் கடத்தும். சற்றுக் கோணம் மாறினால் சிலிக்கனைப் போலக் குறைகடத்தி ஆகிவிடும். பொருள் ஒன்றுதான், அணு ஒன்றுதான். சுருட்டிய விதம் மட்டுமே வேறு.

ஃபுல்லரீன் பந்தை 1985இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய மூவரும் கண்டறிந்தார்கள். 1996இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு. 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா நானோ குழாய்களைத் தெளிவாகப் படம்பிடித்து உலகத்துக்குக் காட்டினார். அதற்கு முன்பே, 1952இல், சோவியத் விஞ்ஞானிகள் ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் இத்தகைய குழாய்களின் படத்தை ரஷ்ய மொழி இதழில் வெளியிட்டிருந்தார்கள். பனிப்போர்க் காலம், மேற்கில் யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்றைக் கண்டுபிடித்தவர் யார் என்பது, அதை எந்த மொழியில் எழுதினார் என்பதையும் பொறுத்தது போலும்!

ஆவாரம் கட்டையும் எருக்கிலையும்

கீழடிக்கு முன்பு இந்தப் பழைமைப் பெருமை ஒரு வாளுக்கு இருந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள, அசாதுல்லா என்ற கொல்லர் 17ஆம் நூற்றாண்டில் அடித்த டமாஸ்கஸ் வாள். ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாஃப்லர் குழுவினர் அதன் சிறு துண்டை அமிலத்தில் கரைத்துப் பார்த்தபோது, கார்பன் நானோ குழாய்கள் தெரிந்ததாக 2006இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

வாள் பாரசீகத்துடையது என்றாலும் அதன் எஃகு இந்தியாவுடையது. வெள்ளையர் 'வூட்ஸ்' என்று அழைத்த எஃகு. தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு. அந்தச் சொல்தான் கடல் கடந்து வூட்ஸ் ஆனது என்று பலரும் கருதுகிறார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலிலும், தமிழகத்தின் வட பகுதியில் மேல்சிறுவலூரிலும் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பெங்களூரின் சாரதா சீனிவாசன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மைக்கேல் ஃபாரடே, மின்சார ஆராய்ச்சியில் பெயர் எடுப்பதற்கு முன்பே, 1819 வாக்கில் இந்த எஃகின் மர்மத்தைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டவர்.

மூசைக்குள் இரும்போடு எதைப் போட்டார்கள்? ஆவாரம் கட்டையும் எருக்கிலையும். டிரெஸ்டன் ஆய்வுக் கட்டுரையே இந்த இரண்டு செடிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தமிழகத்துச் சாலையோரத்தில் ஆடுகூடக் கடிக்காத எருக்கு, உலகின் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் இடம்பிடித்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டவுடன், 'தமிழன் அன்றே நானோ தொழில்நுட்பம் அறிந்தவன்' என்று சிலர் முழங்கத் தொடங்கிவிடுகிறார்கள். கைப்பேசியில் வலம் வரும் செய்திகளில் இதற்குக் குறைவே இல்லை. இந்த முழக்கம் முன்னோருக்குப் பெருமை சேர்க்கவில்லை. அவர்கள் உண்மையில் செய்ததை மறைக்கிறது. கீழடிக் குயவர் நானோ குழாயைத் தேடவில்லை. அவர் தேடியது நீர் கசியாத, கறை ஒட்டாத, பளபளப்பான பானையை. எந்த மண், எந்தத் தழை, எவ்வளவு சூடு, எத்தனை நாழிகை என்று தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் கண்டறிந்தார். அது பெரிய அறிவு. ஆனால் அது வேறு வகை அறிவு. அணுவைக் கண்டதாகச் சொன்னால் பொய்யாகிவிடும். அதோடு, அந்தக் கைப்பழக்கத்தின் அருமையும் காணாமல் போய்விடும்.

விஞ்ஞானத்திலும் எல்லாம் ஒரே குரலில் ஒலிப்பதில்லை. டமாஸ்கஸ் எஃகை நீண்டகாலம் ஆராய்ந்த அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன், வாளில் தெரிந்தவை குழாய்கள் அல்ல, இரும்புக் கார்பைடின் குச்சிகளாகவும் இருக்கலாம் என்று ஐயம் எழுப்பினார். பெருமைப்படுவோர் இந்த ஐயத்தையும் சேர்த்தே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உலை அணைந்தது, கப்பல் புறப்பட்டது

கைப்பழக்கத்தில் வாழும் அறிவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்து இரும்புக்கல் அங்கே போயிற்று. அந்த ஆலையும் நிலைக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து மலிவான இரும்பு வந்து குவிந்தது. காட்டு மரம் வெட்டக் கட்டுப்பாடு வந்தது. ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மூசை எஃகு ஏறக்குறைய மறைந்தே போனது.

அதே நூற்றாண்டில்தான் சேலம், திருச்சி, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். உலைக்காரர்கள்தான் வந்தார்கள் என்பதல்ல. பஞ்சமும் கடனும் சாதியும் துரத்தி வந்தவர்கள்தான் பெரும்பாலோர். ஆனாலும் மண்ணை எஃகாக்கிய ஊர்களின் பிள்ளைகள் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்களாக மாறினார்கள் என்பது கசப்பான உண்மை.

மலாக்காவுக்கு ரப்பர் வரலாற்றில் முதலிடம் உண்டு. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. பிறகு புக்கிட் ஆசகான். பிறகு மாநிலம் முழுவதும். தோட்டங்களில் வெட்டும் பால் தகடாகி, மரப்புகையில் உலர்ந்து, பெட்டியில் கட்டப்பட்டுக் கப்பலேறியது. வெட்டியவருக்கு அத்தோடு கதை முடிந்தது.

பாலுக்கு மறுபாதிக் கதை ஒன்று இருந்தது. ரப்பர் டயர்கள் தொடக்கத்தில் வெளிர் நிறத்தில் இருந்தன. மிஷலின் நிறுவனத்தின் டயர் மனிதப் பொம்மை வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்; அது பிறந்த 1898இல் டயர் கறுப்பு இல்லை. அந்த டயர்கள் வெகு விரைவில் தேய்ந்து போயின. 1904இல் லண்டனை ஒட்டிய சில்வர்டவுன் ரப்பர் ஆலையில் மோட் என்பவர் கார்பன் கறுப்பை, அதாவது புகைக்கரியை, ரப்பரோடு பிசைந்தார். ரப்பர் பல மடங்கு உறுதியாகிவிட்டது. புகைக்கரியின் ஒவ்வொரு மணியும் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் அளவு. ரப்பர் இழைகளின் இடையில் நுழைந்து பற்றிக்கொள்ள அந்தச் சிறுமைதான் உதவுகிறது. இன்றைய கார் டயரின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கரி.

ஆக, மோட்டார் வண்டியின் நூற்றாண்டு இரண்டு பொருள்களின் கலியாணத்தில் ஓடியது. ஒன்று தோட்டத்துப் பால், மற்றது நானோ அளவுக் கரி. ஒன்றைக் கொடுத்த தோட்டத் தமிழருக்கு மற்றதன் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. லயத்தில் அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் குழந்தைக்கு மை தீட்டிய தாய்மாருக்கு, டயரைக் கறுப்பாக்கியதும் அதன் உடன்பிறப்புதான் என்று யார் சொன்னார்கள்?

விளக்குக்கரியில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. 2004இல் அமெரிக்காவில் நானோ குழாய்களைச் சுத்தம் செய்யும்போது, கழிவாக வந்த கரியில் ஒளிரும் துகள்கள் தற்செயலாக அகப்பட்டன. 2007இல் வேறொரு குழு மெழுகுவத்திப் புகைக்கரியை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சியது. அதிலிருந்து பிரித்த துகள்கள் புற ஊதா ஒளியில் பல நிறங்களில் மின்னின! கார்பன் புள்ளிகள் என்று இவற்றுக்குப் பெயர். நீரில் உலோக நஞ்சு கலந்திருந்தால் இவற்றின் ஒளி மங்கும். அதை அளந்தே நஞ்சின் அளவைச் சொல்லிவிடலாம்.

அமோனியா வாசம்

பால் நிறுக்கும் இடத்துக்குப் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்ட ஒரு வாசம் உண்டு. அமோனியா. பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். கண் எரியும், தொண்டை கரிக்கும். எவ்வளவு அமோனியா காற்றில் இருக்கிறது என்பதற்கு அன்று தொழிலாளியின் கண்ணீரே அளவுகோல்.

நானோ குழாய் உணரியின் வரலாறு அதே அமோனியாவோடு தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஹாங்ஜியே டாய் குழுவினர் ஒற்றைச் சுவர் நானோ குழாய் ஒன்றில் மின்சாரம் பாய்ச்சி, அதன் மேல் வாயுக்களைச் செலுத்தினார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டவுடன் மின்கடத்தல் சுமார் 1,000 மடங்கு ஏறியது. அமோனியா பட்டதும் சுமார் 100 மடங்கு இறங்கியது. இத்தனையும் அறை வெப்பத்தில். பழைய உலோக ஆக்சைடு உணரிகளையோ சில நூறு பாகை வரை சூடாக்க வேண்டும்.

காரணம் எளிது. ஒற்றைச் சுவர்க் குழாயில் உள் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு அணுவும் வெளியே காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு மூலக்கூறு வந்து ஒட்டி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தாலும் பிடுங்கினாலும், குழாய் முழுவதும் அது தெரிந்துவிடும். குறை இல்லாமல் இல்லை: ஒட்டிய வாயு எளிதில் விலகாது, ஈரக்காற்று குழப்பும். சந்தைக்கு வர இவ்வளவு காலம் பிடிப்பதும் அதனால்தான்.

2003இல் பெங்களூரில் சங்கர் கோஷ், ஏ.கே. சூட், என். குமார் மூவரும் இன்னொன்று காட்டினார்கள். நானோ குழாய்க் கட்டின் மேல் நீரை ஓடவிட்டால் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. நீரின் வேகத்தை அதை வைத்தே அளக்கலாம்.

வெயிலைப் பிடிக்கும் பந்து

ஒளியின் பக்கம் வந்தால், குழாயைவிடப் பந்துக்குத்தான் முதல் வேலை கிடைத்தது. 1992இல் அலன் ஹீகர், சாரிசிஃப்ட்சி குழுவினர், ஒளி பட்ட நெகிழிப் பொருளிலிருந்து ஃபுல்லரீன் பந்து எலக்ட்ரானைக் கணநேரத்தில் கவ்விக்கொள்வதைக் கண்டார்கள். வெயில் தட்டி எழுப்பிய எலக்ட்ரான், பழைய இடத்தில் விழுந்துவிடுவதற்குள் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். சூரிய மின்கலத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். பந்து அதைச் செய்தது. நெகிழி மின்கலங்களில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அது கோலோச்சியது. 2015க்குப் பிறகு வேறு மூலக்கூறுகள் அதை முந்திவிட்டன.

ஆனால் பந்து வீட்டுக்குப் போகவில்லை. 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு 3.8 விழுக்காட்டில் தொடங்கிய பெரோவ்ஸ்கைட் மின்கலம் இன்று 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அதைச் சிலிக்கன் மேல் அடுக்கினால் 34 விழுக்காட்டுக்கும் மேல். அந்த அடுக்குகளின் நடுவே, சில நானோமீட்டர் கனத்தில், எலக்ட்ரானை வாங்கிக் கைமாற்றும் மெல்லிய படலமாகப் பல மின்கலங்களில் உட்கார்ந்திருப்பது அதே 60 அணுப் பந்து. ரெம்பியாவில் செய்த சிலிக்கன் தனியாக நின்றது. அடுத்த தலைமுறைச் சிலிக்கனின் தலைமேல் கரியும் ஏறி அமர்கிறது.

கறுப்பின் எல்லையையும் கரிதான் தொட்டது. 2014இல் பிரிட்டனில் வெளியான வாண்டாபிளாக் என்ற பூச்சு, செங்குத்தாக நெருங்கி வளர்ந்த நானோ குழாய்களின் காடு. விழும் ஒளியில் 99.965 விழுக்காட்டை விழுங்கிவிடும்.

வடை சுட்ட எண்ணெயிலிருந்து

மலேசியாவிலும் இந்தக் கரியை வளர்த்தார்கள். சா ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முகமட் ருசோப், சுரியானி அபு பக்கார் ஆகியோர் அடங்கிய குழு, செம்பனை எண்ணெயை ஆவியாக்கி, இரும்பு கலந்த ஒரு வினையூக்கியோடு 750 பாகை அளவில் உலையில் செலுத்தியது. செங்குத்தான நானோ குழாய்கள் முளைத்தன. 2009இல் ஆய்வு வெளியானது. அடுத்த ஆண்டே, சமையலில் பயன்படுத்தி எஞ்சிய எண்ணெயிலிருந்தும் அதைச் செய்து காட்டினார்கள். பீசாங் கோரெங்கோ வடையோ சுட்டு ஊற்றிவிடும் எண்ணெய்! உலகம் பெரும்பாலும் பெட்ரோலிய வாயுவிலிருந்து செய்வதை, ரெம்பியாவைச் சுற்றி விளையும் பழக்குலையிலிருந்தும் செய்ய முடியும் என்றானது.

இந்தத் தொழில் வளர்ந்தால் அதில் வேலைக்குப் போகப் போவது யார்? தோட்டத்திலிருந்து தாமானுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும்தான். அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 2008இல் எடின்பரோவில் கென் டொனால்ட்சன் குழுவினர், நீண்ட பலசுவர் நானோ குழாய்களை எலிகளின் வயிற்று அறைக்குள் செலுத்திப் பார்த்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டாக்கும் அதே வகைப் பாதிப்பைக் கண்டார்கள். 2014இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு வகைப் பலசுவர்க் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. கண்ணாடித் தகட்டினுள் மூடிக் கிடக்கும் கரியால் வீட்டுக்காரருக்குப் பயமில்லை. தூளாக அள்ளுபவர், உலையைத் திறந்து துடைப்பவர், மூட்டை கட்டுபவர், இவர்களின் மூச்சுக்குத்தான் ஆபத்து. முகமூடி எந்தத் தரம், காற்று எப்படி வடிகட்டப்படுகிறது, காற்றிலுள்ள தூளை யார் அளக்கிறார்கள் என்று ஆலை வாசலிலேயே கேட்கலாம். தோட்டத்தில் மருந்து தெளித்த பெண்களுக்குக் கேட்கும் வாய்ப்பு இருந்ததில்லை.

கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய கூடங்கள். மதுரைக்குப் போகும் மலேசியப் பயணிகள் மீனாட்சியம்மன் கோயிலை முடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். கறுப்பு சிவப்புப் பானைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். வெளிச் சிவப்பில் கண் போகும். குனிந்து, உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.